உங்களுக்குத் தெரியுமா? ரெய்டு கார்டும் அதன் டிரைவரும்

ரெய்டு என்றதும் நமக்கு வருமான வரித்துறைதான் நினைவுக்கு வரும். சர்வர் அறைக்காரர்களின் ரெய்டு வேறு. நாலைந்து ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகக் கட்டிப்போட்டு, அதில் ஒன்று மண்டையைப் போட்டாலும் தகவல் பிழைத்துக்கொள்ளும்படி செய்கிற ஏற்பாடு அது. இந்த வேலையைக் கணினியின் தலையில் ஏற்றாமல் தனியாக ஒரு கார்டே பார்த்துக்கொண்டால் அது ஹார்ட்வேர் ரெய்டு. இந்தக் கார்டுகளோடு லினக்ஸ், ஓபன்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி ஆட்கள் மல்லுக்கட்டிய கதையிலிருந்து இந்த முறைத் துணுக்குகள்.

● ரெய்டின் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும் 'ஐ' எழுத்துக்கு முதலில் 'மலிவான' என்றுதான் பொருள். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையின் வாதமே அதுதான்: பெரிய கணினிகளுக்கான யானை விலை டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக, சின்னச் சின்ன மலிவு டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கலாம். பிற்பாடு அந்த 'ஐ' சத்தமில்லாமல் 'தனித்தனியான' என்று மாறிக்கொண்டது. பெட்டியின் மேல் 'மலிவு' என்று அச்சடித்துவிட்டு உள்ளே அந்த விலைப்பட்டியலை எப்படி வைப்பது?

● அந்தக் கட்டுரைக்குப் பத்து வருஷம் முன்பே, 1978இல், ஐபிஎம்மின் நார்மன் கென் ஓச்சிக்கு, கெட்டுப்போன டிஸ்க்கின் தகவலை மற்ற டிஸ்க்குகளிலிருந்து மீட்டெடுக்கும் முறைக்காக அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருந்தது. ஆனால் அவர் அதற்கு நல்ல பெயர் ஒன்று வைக்கவில்லை.

● ரெய்டு கார்டு என்பது கணினிக்குள் செருகிய இன்னொரு கணினி. தனிச் செயலி, தனி நினைவகம், ஃபர்ம்வேர் என்ற தனி மென்பொருள் எல்லாம் அதற்கு உண்டு. 90களின் கார்டுகள் பலவற்றில் இன்டெலின் ஐ960 செயலி இருந்தது. பிறகு வந்த எல்எஸ்ஐ நிறுவனத்தின் 2108 சிப்புக்குள் 800 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி ஓடியது. எந்த டிஸ்க்கில் எதை எழுதுவது, ஒன்று போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தச் செயலியின் பொறுப்பு. கணினியின் கண்ணுக்கு எட்டு டிஸ்க்கும் ஒரே டிஸ்க்காகத்தான் தெரியும்.

அப்படியானால் கணினியில் இருந்து கார்டோடு பேசும் மென்பொருளான டிரைவருக்கு என்னதான் வேலை? அஞ்சலக ஜன்னலில் கடிதம் நீட்டுகிற வேலை. 'இந்த இடத்திலிருந்து இவ்வளவு படி', 'இந்த இடத்தில் இதை எழுது' என்று சீட்டை நீட்டினால் பதில் வரும். ஜன்னலுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் மூன்று நாளாக வரவில்லை என்பது அந்தச் சீட்டில் இருக்காது.

● கணினியில் ஓடும் டிரைவருக்கும் பேருந்து ஓட்டும் டிரைவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வண்டி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். பின் இருக்கையில் ஒருவர் மயங்கிக் கிடப்பது தெரியாது. அதைப் பார்த்து விசில் ஊதக் கண்டக்டர் வேண்டும். ரெய்டு கார்டு உலகில் அந்தக் கண்டக்டரின் பெயர் மேலாண்மைக் கருவி. எந்த டிஸ்க் செத்தது, எது சாகப்போகிறது, மாற்று டிஸ்க்கில் மறுகட்டுமானம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்வது அதுதான். கார்டு நிறுவனங்கள் பலவும் டிரைவரைத் திறமூலமாகக் கொடுத்துவிடும், கண்டக்டரை மட்டும் மூடிய பெட்டிக்குள் வைத்துக்கொள்ளும். மெகாசிஎல்ஐ, ஸ்டோர்சிஎல்ஐ, ஆர்க்கான்ஃப் எல்லாம் அந்த ரகம்தான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் டிரைவர் இருக்கிறது என்பதை வைத்து 'இந்தக் கார்டுக்கு லினக்ஸ் ஆதரவு உண்டு' என்று ஒருவர் சொன்னால், நான் உடனே கேட்பது கண்டக்டரைப் பற்றித்தான்.

● இந்தக் கண்டக்டர் விவகாரத்துக்காகவே ஓர் இயங்குதளம் ஒரு பெரிய நிறுவனத்தின் கார்டுகளை வெளியே தள்ளியது. 2005ஆம் ஆண்டு. கனடாவின் கால்கரியிலிருந்து நடக்கும் ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் தலைவர் தியோ டி ராட், அடாப்டெக் நிறுவனத்திடம் அதன் ரெய்டு கார்டுகளுக்கான ஆவணங்களை மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். காசு கேட்கவில்லை, டிரைவர் எழுதித் தரச் சொல்லவும் இல்லை. கார்டோடு எப்படிப் பேசுவது என்ற குறிப்பைக் கொடுங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்பதுதான் கோரிக்கை. குறிப்பு வரவில்லை.

அந்தக் கார்டுகளுக்கான 'ஏஏசி' டிரைவர் அப்போது ஓபன்பிஎஸ்டியில் இருக்கவே செய்தது. படிக்கும், எழுதும். ஆனால் ஆவணம் இல்லாமல் அதன் கோளாறுகளைச் சரிசெய்ய முடியவில்லை. டிஸ்க் செத்தால் பயனருக்குச் சொல்லவும் வழியில்லை. தகவலைக் காப்பாற்றத்தான் ஒருவர் ரெய்டு வாங்குகிறார். அதில் ஒரு டிஸ்க் செத்ததையே சொல்லாத ஆதரவு ஆதரவே இல்லை என்பது டி ராட்டின் வாதம். அந்தக் கார்டுகளுக்கான ஆதரவை நீக்குவதாக மார்ச் மாதம் அவர் அறிவித்தார். மே மாதம் வந்த 3.7 பதிப்பில் அந்த ஆதரவு இல்லை. ஏற்கெனவே அந்தக் கார்டை நம்பி சர்வர் நடத்தியவர்கள் கோபப்பட்டார்கள், அதில் நியாயமும் இருந்தது. என்றாலும் அரைகுறை டிரைவரை வைத்துக்கொண்டு 'ஆதரவு உண்டு' என்று பட்டியல் போடுவதைவிட 'இல்லை' என்று சொல்வது நேர்மை என்றே எனக்குப் படுகிறது.

இதே டி ராட்டுக்குத்தான் 2004ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் விருது கிடைத்திருந்தது. வயர்லெஸ் கார்டு நிறுவனங்களிடம் இதே போல ஆவணம் கேட்டுச் சண்டை போட்டதும் அதற்கு ஒரு காரணம்.

● சண்டை போட்டதோடு ஓபன்பிஎஸ்டி ஆட்கள் நிற்கவில்லை. 2005 நவம்பரில் வந்த 3.8 பதிப்பில் 'பயோசிடிஎல்' என்ற கட்டளை அறிமுகமானது. எண்ணம் எளிமையானது. நெட்வொர்க் கார்டை யார் செய்திருந்தாலும் அதைச் சரிபார்க்க ஒரே கட்டளைதானே இருக்கிறது? ரெய்டு கார்டுக்கு மட்டும் ஏன் கம்பெனிக்கு ஒரு கருவி? பயோசிடிஎல் எந்த டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும், அலாரத்தை அடக்கும், மாற்று டிஸ்க்கைக் குறித்துவைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது, குறிப்பிட்ட டிஸ்க்கின் விளக்கை மினுக்கச் செய்யும் வசதி. பன்னிரண்டு டிஸ்க் வரிசையில் செத்ததை விட்டு நல்லதைப் பிடுங்கிய கை யாருக்காவது இருந்தால், அந்த விளக்கின் அருமை அவருக்குத் தெரியும்.

பிறகு டிஸ்க் நிலையை வெப்பமானி, விசிறி வேகம் வரிசையில் ஓர் உணரியாகவே காட்டத் தொடங்கினார்கள். சிபியு சூடு எவ்வளவு என்று பார்க்கிற அதே பட்டியலில் 'டிரைவ்0, ஆன்லைன், ஓகே' என்று ஒரு வரி. நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளமும் பயோசிடிஎல்லை எடுத்துக்கொண்டது.

● அந்தக் காலத்தில் ஓபன்பிஎஸ்டியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பாட்டு வெளியிடுவது வழக்கமாக இருந்தது. 3.8இன் பாட்டுக்குப் பெயர் 'ஹேக்கர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ரெய்ட்'. இந்தியானா ஜோன்ஸ் படத் தலைப்பைக் கிண்டல் செய்து, ரெய்டு ஆவணம் தேடி அலைந்த கதையைப் பாட்டாக்கினார்கள். டிரைவர் ஆவணம் கிடைக்காத கடுப்பைப் பாட்டாக வெளியிட்ட இயங்குதளம் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

● பயோசிடிஎல் முதலில் பேசக் கற்றுக்கொண்டது 'ஆமி' என்ற டிரைவரோடு. எல்எஸ்ஐ நிறுவனத்தின் மெகாரெய்ட் கார்டுகளுக்கு ஆமி என்று ஏன் பெயர்? மெகாரெய்ட் முதலில் எல்எஸ்ஐ சரக்கே அல்ல. அது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், அதாவது ஏஎம்ஐ நிறுவனத்துடையது. பழைய பிசியைப் போட்டதும் கறுப்புத் திரையில் முதலில் வருமே, 'ஏஎம்ஐ பயாஸ்', அதே ஏஎம்ஐ. 1985இல் சுப்ரமோனியன் சங்கரும் பேட் சர்மாவும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. 2001இல் ஏஎம்ஐ தன் ரெய்டு பிரிவை எல்எஸ்ஐக்கு விற்றது. கார்டு கைமாறியது, டிரைவரின் பெயரில் பழைய வீட்டு விலாசம் ஒட்டிக்கொண்டது.

● கைமாறுவது அதோடு முடியவில்லை. எல்எஸ்ஐயை 2014இல் அவாகோ 660 கோடி டாலருக்கு வாங்கியது. அவாகோ 2016இல் பிராட்காமை வாங்கி, பிராட்காம் என்ற பெயரையே தானும் வைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் அடாப்டெக் தன் சேமிப்பு வணிகத்தை 2010இல் பிஎம்சி சியராவுக்குக் கொடுத்தது. பிஎம்சி சியரா 2016இல் மைக்ரோசெமிக்குப் போனது. மைக்ரோசெமி 2018இல் மைக்ரோசிப்புக்குப் போனது. ஆவணம் கேட்டுக் கடிதம் எழுதுகிறவர் எந்த விலாசத்துக்கு எழுதுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லவேளை, டிரைவர் கம்பெனிப் பெயரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கார்டிலும் பதிந்திருக்கும் உற்பத்தியாளர் எண்ணைத்தான் பார்க்கிறது. எல்எஸ்ஐ கார்டுகளின் எண் 1000. இதுகூட எல்எஸ்ஐக்கு அளித்த எண் இல்லை. என்சிஆர் என்ற நிறுவனத்தின் காலத்தில் வாங்கியது, சிம்பயாஸ் நிறுவனத்தின் வழியாக எல்எஸ்ஐக்கு வந்து இப்போது பிராட்காமிடம் இருக்கிறது. தாத்தா வாங்கிய ரேஷன் கார்டில் பேரன் சர்க்கரை வாங்குகிற மாதிரி.

● டெல் சர்வர்களின் ரெய்டு கார்டுக்கு 'பெர்க்' என்று பெயர். ஆனால் பெர்க் 3 என்று மட்டும் தெரிந்தால் எந்த டிரைவர் வேண்டும் என்று சொல்ல முடியாது. பெர்க் 3/டிஐ என்றால் உள்ளே இருப்பது அடாப்டெக். பெர்க் 3/டிசி என்றால் ஏஎம்ஐ வழி வந்த மெகாரெய்ட். 2005இல் ஓபன்பிஎஸ்டி 3.7க்கு மாறியவர்களில் டிசிக்காரர் நிம்மதியாகத் தூங்கினார், டிஐக்காரர் தூங்கவில்லை. வித்தியாசம் ஓர் எழுத்து.

● மைலெக்ஸ் நிறுவனத்தின் டிஏசி960 கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதியவர் லியனார்ட் சுப்காஃப். விஏ லினக்ஸ் நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர். 2002 ஆகஸ்ட் 29 அன்று அலாஸ்காவில் நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவர் எழுதிய டிரைவர் அவருக்குப் பின்னும் கர்னலில் பதினாறு ஆண்டுகள் இருந்தது. 2018இல் ஹான்னஸ் ரைனெக்கே அதே கார்டுகளுக்கு 'மைஆர்பி', 'மைஆர்எஸ்' என்று இரண்டு புதிய டிரைவர்களை எழுதினார், பழையது விடைபெற்றது. அந்த ஆண்டில் டிஏசி960 வைத்து யார் சர்வர் ஓட்டினார்கள் என்று கேட்கலாம். விற்பனையை நிறுத்திப் பல காலமான கார்டுக்குப் புதிதாக டிரைவர் எழுத எந்த கம்பெனியும் சம்பளம் கொடுத்து ஆள் வைக்காது. மூலநிரல் திறந்திருந்ததால் அது நடந்தது.

● இப்போது லினக்ஸில் ரெய்டு கார்டின் டிஸ்க்கும் பெரும்பாலும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்ற பெயர்களில்தான் வருகிறது. ஒரு காலத்தில் எச்பி ஸ்மார்ட் அரே கார்டில் இருந்தால் அது 'சிசிஸ்' என்ற அடைவுக்குள் 'சி0டி0' என்று வரும்: 0ஆம் கன்ட்ரோலர், 0ஆம் டிஸ்க். முதல் பகுப்பு என்றால் 'சி0டி0பி1'. பிறகு 'எச்பிஎஸ்ஏ' என்ற புதிய டிரைவர் வந்து எல்லாரையும் போல 'எஸ்டிஏ' என்று அழைக்கத் தொடங்கியது. மவுன்ட் பட்டியலில் பழைய பெயரைக் கையால் எழுதிவைத்திருந்த சர்வர்களில், கர்னலை மேம்படுத்தி ரீபூட் செய்தபோது ரூட் பகுப்பைக் காணோம். தகவல் அத்தனையும் பத்திரமாக இருந்தது, தேடியவருக்குத்தான் பேர் தெரியவில்லை.

● ரெய்டு கார்டில் ஒரு குட்டி பஸ்ஸர் உண்டு. டிஸ்க் செத்தால் கத்தும். பல வருஷம் முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் திங்கள்கிழமை காலையிலிருந்து எங்கேயோ 'கீ... கீ...' என்று சத்தம். யுபிஎஸ் பேட்டரி என்றார் எலெக்ட்ரீஷியன். ஏசி ஸ்டெபிலைசர் என்றார் மானேஜர். வாட்ச்மேன் அண்ணன் மட்டும் "சார், அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள ஏதோ குஞ்சு பொரிச்சிருக்கு" என்றார். மூன்றாம் நாள்தான் அவர் சொன்ன இடத்தில் போய்ப் பார்த்தோம். ரெய்டு 5 கூட்டணியில் ஒரு டிஸ்க் செத்து மூன்று நாள். இன்னொன்று போயிருந்தால் ஆறு வருஷக் கணக்கு வழக்கும் போயிருக்கும்.

சத்தத்தை நிறுத்தலாம் என்றால், அந்தக் கார்டின் கருவி எங்கள் லினக்ஸ் பதிப்பில் ஓடவில்லை. ஏதோ பழைய லைப்ரரி வேண்டுமாம். கடைசியில் இரவு எல்லாரும் போன பிறகு சர்வரை நிறுத்தி, கார்டின் சொந்தத் திரைக்குள் போய் வாயை அடைத்தோம். லினக்ஸின் பதிவேட்டில் அந்த மூன்று நாளுக்கும் ஒரு வரிகூட இல்லை. டிரைவருக்கு எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் இல்லாத பேருந்து.

● கார்டின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் திறமூல உலகில் ஒரு வழி உண்டு: ஸ்மார்ட்மான்டூல்ஸ். அதன் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையிடம் கார்டின் வகையையும் டிஸ்க் எண்ணையும் சொன்னால் போதும். மெகாரெய்ட், 3வேர், சிசிஸ், அரேக்கா, ஏஏசிரெய்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குள் தனி வழி இருக்கிறது. கார்டு ஒரே டிஸ்க் என்று சாதித்தாலும், இது நாலாவது டிஸ்க்கின் வெப்பத்தையும் கெட்ட செக்டர் எண்ணிக்கையையும் தனியாகப் பிரித்துக் காட்டும். என்னைக் கேட்டால், கார்டு வாங்கும் முன் இந்தப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

இதைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன். கணினிக்காரர் அல்ல, ஈர்ப்பலை ஆராயும் இயற்பியலாளர். மில்வாக்கியில் ஏராளமான கணினிகளைக் கூட்டாக ஓட்டி ஈர்ப்பலைத் தகவலை அலசியவர். அத்தனை கணினி என்றால் அத்தனை டிஸ்க். எது எப்போது சாகும் என்று தெரிய வேண்டாமா?

● டிரைவர் கர்னலில் இருக்கிறது என்பதால் உங்கள் லினக்ஸிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2019 மே மாதம் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் கார்டுகள் பலவற்றின் ஆதரவைக் கழற்றிவிட்டது. 3வேர் 9000 வரிசையும் பழைய 'எம்பிடிசாஸ்' கார்டுகளும் அதில் அடக்கம். அந்தக் கார்டு உள்ள சர்வரில் நிறுவல் வட்டைப் போட்டு ஆரம்பித்தால் டிஸ்க் எதுவுமே இல்லை என்று வரும். கார்டு பச்சை விளக்கோடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கைகொடுத்தது ஈஎல்ரெப்போ என்ற தன்னார்வலர் குழு. கழற்றிய டிரைவர்களைத் தனித்தனிப் பொதிகளாக மறுபடி கட்டி, நிறுவும்போதே ஏற்றிக்கொள்ளும் வட்டுப் படங்களாகவும் வைத்திருக்கிறார்கள். மூலநிரல் இல்லாத டிரைவராக இருந்தால் அந்த சர்வர் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

● கார்டு செத்துவிட்டது, டிஸ்க்குகள் நன்றாக இருக்கின்றன. அதே மாடல் கார்டு கிடைக்காவிட்டால் தகவல் அவ்வளவுதானா? எப்போதும் அப்படி இல்லை. எந்த டிஸ்க் எந்த வரிசையில் என்ற ஜாதகத்தைக் கார்டு டிஸ்க்குகளிலேயே எழுதிவைக்கிறது. அதற்கு டிடிஎஃப் என்று ஒரு பொது வடிவத்தை எஸ்என்ஐஏ என்ற தொழில் அமைப்பு வகுத்தது. எல்எஸ்ஐ கார்டுகள் அதைப் பின்பற்றுகின்றன. லினக்ஸின் 'எம்டிஅட்ம்' கருவிக்கும் அதைப் படிக்கத் தெரியும். டிஸ்க்குகளைச் சாதாரண போர்ட்டில் செருகி, படிக்க மட்டும் என்ற நிலையில் முயன்று பார்க்கலாம். எழுத மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த ஜாதகத்தின் தொடக்கம் டிஸ்க்கின் கடைசி செக்டரில் இருக்கும். அடையாளக் குறி: பதினாறடிமான எண்ணில் 'டி, இ, 1, 1', மறுபடி 'டி, இ, 1, 1'. ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஒன்றை 'எல்' என்று படித்தால் ஒரு பிரபல சர்வர் கம்பெனியின் பெயர் இரண்டு முறை வரும்.

● போலி ரெய்டு என்று ஒரு ஜாதி உண்டு. மதர்போர்டு பெட்டியில் 'ரெய்டு உண்டு' என்று எழுதியிருக்கும். உண்மையில் பயாஸில் ஒரு மெனு மட்டும்தான் இருக்கும், கணக்கெல்லாம் டிரைவர் வழியாக உங்கள் சிபியுவே போடும். லினக்ஸ் ஆட்கள் இதை ஆரம்பத்தில் திட்டித் தீர்த்தார்கள். பிறகு 'டிஎம்ரெய்ட்' எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். இன்டெலின் வடிவத்தை எம்டிஅட்ம் தானே ஏற்றுக்கொண்டது.

இந்த வம்சத்தின் பணக்கார வாரிசு இன்டெலின் விராக். என்விஎம்இ டிஸ்க்குகளுக்கு ரெய்டு வேண்டும் என்றால், மதர்போர்டில் செருக ஒரு குட்டிச் சாவியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரெய்டு 5 வேண்டுமா, இன்னும் விலை கூடிய சாவி. லினக்ஸில் அந்த ரெய்டை உண்மையில் ஓட்டுவது எது தெரியுமா? எம்டிஅட்ம் கருவிக்குப் பின்னால் இருக்கும், இலவசமாகக் கிடைக்கும் எம்டி டிரைவர். சாவியால் பயாஸிலிருந்தே பூட் செய்யும் வசதி போன்றவை கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் சொந்த வீட்டுக் கதவுக்கு வாடகைச் சாவி வாங்குகிற மாதிரி எனக்கு ஓர் உறுத்தல்.

● 3 டெராபைட் டிஸ்க்கைப் போட்டால் சில பழைய கார்டுகள் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் தொடாது. டிரைவரைத் திட்டாதீர்கள். எல்எஸ்ஐ 1068ஈ, 1078 சிப் காலத்துக் கார்டுகள் செக்டர் எண்ணை 32 பிட்டில் வைத்திருக்கின்றன. 429,49,67,296 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் 2.2 டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. திறமூல டிரைவரை எவ்வளவு திருத்தினாலும் மூடிய ஃபர்ம்வேருக்குள் இருக்கும் எண் நீளாது.

● திடீரென்று ஒரு நாள் சர்வர் ஆமையாகி, சில மணி நேரத்தில் தானே சரியாகிவிட்டதா? கார்டின் பேட்டரி பரீட்சை எழுதியிருக்கும். கார்டின் நினைவகத்தில் இருக்கும், இன்னும் டிஸ்க்குக்குப் போகாத தகவலை மின்வெட்டிலிருந்து காப்பது அந்த பேட்டரி. மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒரு முறை கார்டு அதை முழுக்க வடியவிட்டு மறுபடி ஏற்றிச் சோதிக்கும். அதுவரை பேட்டரியை நம்ப முடியாது என்பதால் ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க் வரை போய்த் திரும்பும். பகல் பன்னிரண்டு மணிக்கு இது நடந்தால், டேட்டாபேஸ்காரர் புரோகிராமரைத் திட்டுவார், புரோகிராமர் நெட்வொர்க்காரரைத் திட்டுவார்.

● வீட்டு டிஸ்க்கை ரெய்டு கார்டில் போட்டால் நல்ல டிஸ்க்கையே கார்டு தள்ளிவைப்பது ஏன்? கெட்ட செக்டர் ஒன்று வந்தால் வீட்டு டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சில சமயம் நிமிடக் கணக்கில். கார்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பதில் இல்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டும். ரெய்டுக்கான டிஸ்க்குகள் ஏழு விநாடியில் கையை விரித்துவிடும். ஸ்மார்ட்சிடிஎல்லில் இந்த அளவைப் பார்க்கலாம். டிஸ்க் அனுமதித்தால் மாற்றலாம். அது விநாடியில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடும். ஏழு விநாடிக்கு 70 என்று கொடுக்க வேண்டும். 7 என்று கொடுத்துவிட்டு முழித்தவர்களில் நானும் ஒருவன்.

● தைவானின் அரேக்கா கார்டுகள் சிலவற்றின் பின்புறம் நெட்வொர்க் போர்ட்டே இருக்கும். கேபிளைச் செருகினால் கார்டுக்குத் தனி ஐபி எண், தனி இணையப் பக்கம். எந்த இயங்குதளம், எந்த டிரைவர் என்ற கேள்வியே இல்லை. கண்டக்டரைத் தனி சைக்கிளில் அனுப்பிய மாதிரி.

● ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் வேறு குறுக்கு வழி கண்டார்கள். லினக்ஸுக்கு மட்டும் வந்த மூடிய மேலாண்மைக் கருவியை, லினக்ஸ் போல வேடம் போட்டு ஓட்டினார்கள். டிரைவரோடு அதற்கென்றே ஒரு துணை மாட்யூல். பிறகு 'எம்எஃப்ஐயூட்டில்' என்று சொந்தமாகவே எழுதிக்கொண்டார்கள்.

● கட்டற்ற மென்பொருள் உலகில் ஒரு வேடிக்கை. வயர்லெஸ் கார்டுக்கான ஃபர்ம்வேர் கோப்பாக வந்தால் அது மூடிய மென்பொருள், சேர்க்கலாமா கூடாதா என்று டெபியன் லினக்ஸ் குழு 2022இல் வாக்கெடுப்பே நடத்தியது. ரெய்டு கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய வேலை பார்க்கிறது. அதுவும் மூடியதுதான். ஆனால் கார்டின் ஃபிளாஷ் சிப்பிலேயே குடியிருப்பதால் நிறுவல் வட்டில் வராது, யார் கண்ணிலும் படாது, வாக்கெடுப்புக்கும் வராது.

● லினக்ஸ் பூட் ஆகும்போது ஓடும் வரிகளில் 'ரெய்ட்6' என்று தொடங்கும் நாலைந்து வரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ரெய்டுக்கான எந்தக் கணக்கு முறை இந்தச் சிபியுவில் வேகமாக ஓடுகிறது என்று கர்னல் ஒரு பந்தயம் நடத்திப் பார்த்து, ஜெயித்ததைத் தேர்ந்தெடுக்கிறது. இன்றைய சிபியுவில் முடிவு விநாடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட்டில் வரும். சிபியுவின் பாரத்தைக் குறைக்கத்தான் கார்டு என்று விற்ற காலம் இந்த வரிகளில் முடிந்துபோகிறது. அந்தக் கணக்குக்கு அடிப்படை கணிதமேதை எவரிஸ்ட் கால்வாவின் இயற்கணிதம். 1832இல் துப்பாக்கிச் சண்டையில் செத்தபோது அவருக்கு வயது 20.

● இப்போது செகண்ட் ஹாண்ட் ரெய்டு கார்டு தேடி வாங்குகிறவர்களில் பலர், வாங்கியதும் செய்கிற முதல் காரியம் அதிலிருந்து ரெய்டை அழிப்பது. ஐபிஎம் எம்1015 போன்ற கார்டில் எல்எஸ்ஐயின் 'ஐடி' ஃபர்ம்வேரை ஏற்றினால், அது புத்திசாலித்தனம் எல்லாம் கழன்று, டிஸ்க்குகளை உள்ளது உள்ளபடி காட்டும் சாதுவான கார்டாகிவிடும். மீதியை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு சின்ன இடைஞ்சல். டெல்லின் எச்310 கார்டைச் சில சாதாரண மதர்போர்டுகளில் செருகினால் கணினி பூட்டே ஆகாது. கார்டின் செருகு விளிம்பில் பி5, பி6 என்று இரண்டு தொடுமுனைகள் இருக்கின்றன. அவை மதர்போர்டின் மேலாண்மைத் தடத்தோடு முட்டிக்கொள்கின்றன. மருந்து: காப்டான் என்ற மின்கடத்தா டேப்பில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி அந்த இரண்டின் மேல் மட்டும் ஒட்டுவது. டேப் இல்லை என்றால் நகப்பூச்சு. நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.